வட்டில் ஓடிய நிறம்

போசரித் தொழிற்பேட்டையில் முலாம் பூசும் தொழிலை நான் மேற்கொண்டு முப்பத்திரண்டு ஆண்டுகள் நிறைந்துவிட்டன. அவரவர் தம் தொழில் அநுபவத்தை நம் இதழில் எழுத வேண்டும் என்று சென்ற பொங்கல் விழாவில் ஆசிரியர் அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். வெள்ளி முலாம் பற்றி எழுதுவதாக நானும் ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்தபோது பேனா வேறு பக்கம் திரும்பிவிட்டது. என் மேசைமேல் பில் கட்டுகள் பறவாதபடி பதினேழு ஆண்டுகள் வைத்திருந்த ஒரு செம்பு வட்டைப் பற்றியும், அதன் காரணமாக நான் ஒருவருக்கு இழைத்த தீங்கைப் பற்றியும் சொல்லாமல், வெள்ளியின் பளபளப்பைப் பற்றி மட்டும் எழுதுவது நேர்மையாகப் படவில்லை.

வெள்ளி முலாம் பூசுகிறவனுக்கு நிறம் என்பது பகை. வெள்ளிக்குக் காற்றிலுள்ள கந்தகம் ஆகாது. முதலில் இளமஞ்சளாக, பிறகு பழுப்பாக, நீலமாக மாறிக் கடைசியில் கறுத்துவிடும். வீட்டில் வெள்ளிக் குத்துவிளக்கு வைத்திருப்பவர்கள் யாவரும் இதனை அறிவர். தொட்டியிலிருந்து எடுத்த பொருளைச் சரியாகக் கழுவாவிட்டால் உப்புத் தங்கி, சில நாட்களிலேயே கறை கண்டுவிடும். ஆகவே வெள்ளியின்மேல் நிறம் தெரிந்தால் கழுவினவன்மேல் பிழை என்பது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். எனக்குக் கற்பித்தவர் அப்படித்தான் கற்பித்தார். நானும் அப்படியே பிறருக்குக் கற்பித்துவந்தேன்.

2007ஆம் ஆண்டு நானூறு செம்பு வட்டுகள் எங்களிடம் முலாமுக்கு வந்தன. உள்ளங்கை அகலம் இருக்கும். மின்கருவி ஒன்றுக்குரியவை. கடைசல் வேலையை அனுப்பினவர்களே மிக நேர்த்தியாக முடித்திருந்தார்கள். நாங்கள் எட்டு மைக்ரான் கனத்துக்கு வெள்ளி ஏற்றி அனுப்பினோம். நான்காம் நாள் நானூறும் டெம்போவில் திரும்பி வந்தன. உடன் வந்த சீட்டில், கறை என்று ஒரே சொல் எழுதியிருந்தது. ஒன்றை எடுத்து விளக்கொளியில் பிடித்தேன். மயில்கழுத்துப் போல் பச்சையும் ஊதாவும் சிவப்பும் மின்னின.

அப்போது கழுவும் தொட்டிகளைக் கவனித்துவந்தவர் தென்காசிப் பக்கத்து இளைஞர் ஒருவர். நம்மவர் பலரும் ஊரிலிருந்து பிள்ளைகளை அழைத்து வந்து வேலையில் அமர்த்துகிறோம் அல்லவா? அவ்வாறு வந்தவர்தாம் அவரும். அவருடைய தந்தையார் புணை நகரம் வரை உடன் வந்து, பையனை என் கையில் ஒப்படைத்துச் சென்றார். நான் கோபத்தில் என்னென்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத விருப்பமில்லை. அந்தப் பிள்ளை ஒரு வட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "அண்ணாச்சி, இதைத் தேய்த்துப் பார்த்துவிட்டேன், போகவில்லை. வட்டைத் திருப்பினால் நிறம் இடம்விட்டு இடம் ஓடுகிறது. அழுக்கு ஓடுமா?" என்று கேட்டது. எதிர்த்துப் பேசாதே என்றேன். இரண்டு மாதச் சம்பளத்தை நஷ்டத்துக்கு ஈடாகப் பிடித்துக்கொண்டேன். மூன்றாம் நாள் அவர் ஊருக்கு வண்டியேறிவிட்டார்.

வெள்ளியைக் கரைத்து எடுத்து, நானே பக்கத்தில் நின்று கழுவச்செய்து, மறுபடி முலாம் ஏற்றினோம். மறுபடியும் நிறம் மின்னியது. அப்போதே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். மாறாக, எல்லாவற்றையும் மெருகுச் சக்கரத்தில் கொடுத்து நன்றாகத் தேய்த்துவிட்டு மூன்றாம் முறை முலாம் ஏற்றச் சொன்னேன். நிறம் போய்விட்டது. பார்த்தீர்களா, பழைய கறை செம்பிலேயே இறங்கியிருந்தது என்று எல்லாரிடமும் சொன்னேன். நானூற்றில் ஒன்றை மட்டும் மெருகுக்குக் கொடாமல் எடுத்து, லாக்கர் பூசி மேசைமேல் வைத்துக்கொண்டேன். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளிடம், கழுவாத வேலை எப்படியிருக்கும் என்று காட்டுவதற்காக!

இனி 2024ஆம் ஆண்டுக்கு வருகிறேன். பாஷாண் பகுதியிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவர், சிறிய பித்தளைத் தாங்கி ஒன்றுக்கு முலாம் பூச வேண்டும் என்று எங்கள் பட்டறைக்கு வந்தார். (பாஷாண் என்றால் மராத்தியில் பாறை. இந்நகருக்கு வந்த புதிதில் அப்பெயரைப் பஸ்ஸில் படித்துவிட்டு, நஞ்சின் பெயரை ஊருக்கு வைத்திருக்கிறார்களே என்று நான் திகைத்ததுண்டு.) மாணவர் காரைக்குடிப் பக்கத்தவர். தமிழ் கேட்டதும் உட்கார்ந்துவிட்டார். காபி வரும்வரை, மேசைமேலிருந்த வட்டைச் சும்மா எடுத்து ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார். பிறகு அவர் கேட்ட கேள்வி என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தது. "ஐயா, இதைக் கடைந்தவர் யார்? வெகு அழகாகக் கோடு போட்டிருக்கிறாரே!" என்றார்.

கோடு எதுவும் இல்லையே, அது கறை அல்லவா என்றேன். அவர் சிரிக்கவில்லை. விளக்கை ஒரே இடத்தில் வைத்து, வட்டை மெதுவாகச் சாய்த்துக் காட்டினார். நிறங்கள் சிவப்பு, பச்சை, நீலம் என்று வரிசை மாறாமல் ஓடின. நிறப்பட்டை எப்போதும் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஆரக்கால் போலவே நின்றது. கறையாக இருந்தால் அது படிந்த இடத்திலேயே நிற்கும். இது வட்டோடு சுழலாமல் விளக்கின் திசையைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. கடைசல் உளி ஒவ்வொரு சுற்றிலும் இட்டுச்சென்ற மெல்லிய வரிகளே இதற்குக் காரணம். அடுத்தடுத்த வரிகளிலிருந்து தெறிக்கும் ஒளி அலைகள், ஒரு திசையில் சிவப்புக்கு ஒத்துப்போகின்றன, வேறொரு திசையில் பச்சைக்கு ஒத்துப்போகின்றன. பாட்டு கேட்கும் குறுந்தகட்டின் அடிப்பக்கத்தில் நாம் எல்லாரும் கண்ட வானவில்லும் இதுவே. அதில் வரிக்கும் வரிக்கும் இடைவெளி 1.6 மைக்ரான். என் வட்டைப் பின்னர் அவர் நுண்ணோக்கியில் வைத்து அளந்ததில் பன்னிரண்டு மைக்ரான் என்று தெரிந்தது. மெல்லிய வெள்ளி முலாம் அடியிலுள்ள வரிகளை அப்படியே பின்பற்றி நிற்கிறது. மெருகுச் சக்கரம் துடைத்தது கறையை அன்று, வரிகளை.

அந்தப் பிள்ளை சொன்ன சொல் அப்போது என் காதில் ஒலித்தது. அழுக்கு ஓடுமா?

மாணவர் என் முகம் மாறியதன் காரணம் அறியார். உற்சாகமாகத் தம் வேலையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். உலோகத்தின் மேல் இத்தகைய வரிகளை வேண்டுமென்றே இட்டு ஒளியைக் கட்டுப்படுத்துவதே தம் ஆராய்ச்சி என்றும், தாம் இடும் வரிகள் என் வட்டில் உள்ளவற்றைவிட இருபது மடங்கு நெருக்கமானவை என்றும் கூறினார். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். அவர் வரிகளின் இடைவெளி ஏறத்தாழ 600 நானோமீட்டர், அதாவது கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பானது. அவ்வளவு நெருங்கும்போது ஒளி நிறம் பிரிவதோடு நிற்பதில்லையாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள் என்று அழைத்தார். போனேன்.

இருட்டறையில் ஒரு சிவப்பு லேசர். அதன் கதிர், வரியிட்ட பொன் ஏடு ஒன்றில் பட்டுச் சுவரில் புள்ளியாக விழுந்துகொண்டிருந்தது. ஏட்டைத் தாங்கிய மேசையை அவர் மிக மெதுவாகத் திருப்பினார். குறிப்பிட்ட ஒரு கோணம் வந்ததும் சுவரிலிருந்த புள்ளி மங்கி ஏறக்குறைய அணைந்தே போயிற்று. இன்னும் கொஞ்சம் திருப்ப, மீண்டும் எரிந்தது. பின்பு அதே மங்கிய கோணத்தில் நிறுத்தி, கதிரின் வழியில் வைத்திருந்த கண்ணாடி வில்லை ஒன்றைக் கால் சுற்றுச் சுழற்றினார். ஒளியின் அதிர்வுத் திசை மாறியது. புள்ளி பளிச்சென்று திரும்பி வந்தது. பொன்னும் அதுவே, கோணமும் அதுவே. ஒளி வரிகளுக்குக் குறுக்கே அதிரும்போது மட்டும் உலோகம் அதனை வாங்கிக்கொள்கிறது, நெடுக அதிர்ந்தால் திருப்பி அனுப்பிவிடுகிறது. பளபளப்பே பொன்னின் இயல்பு என்று முப்பது ஆண்டு நம்பியிருந்த எனக்கு அந்த இருண்ட புள்ளியை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

வாங்கிக்கொண்ட ஒளி எங்கே போயிற்று? உலோகத்துக்குள் எலெக்ட்ரான்கள் கட்டின்றித் திரிகின்றன. ஒளி அலை அவற்றை ஆட்ட, அவ்வாட்டமும் ஒளியும் ஒன்றாகப் பிணைந்து, உலோகத்தின் மேற்பரப்பை ஒட்டியே ஓடும் ஓர் அலையாகிவிடுகின்றன. இதனைப் பரப்புப் பிளாஸ்மான் என்கிறார்கள். ஆனால் வழவழப்பான உலோகத்தில் விழும் ஒளி இந்த அலையாக மாற முடியாது, ஏனெனில் இரண்டின் நடையும் ஒத்துவருவதில்லை. காசர்வாடி நிலையத்தில் நகரத் தொடங்கிவிட்ட லோக்கல் வண்டியில் ஏறுகிறவன் கொஞ்ச தூரம் அதன் வேகத்துக்கு உடன் ஓடித்தானே ஏறுகிறான்? அந்த நடையை ஒத்துவரச் செய்வதுதான் வரிகளின் வேலை.

இது புதிதாகக் கண்ட அதிசயமும் அன்று. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்துப் பேராசிரியர் ராபர்ட் உட் 1902ஆம் ஆண்டிலேயே இந்த இருட்டைக் கண்டிருக்கிறார். அதே பல்கலைக்கழகத்தில் அவருக்கு முன்பிருந்த ரோலண்ட், அங்குலத்துக்குப் பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட கோடுகளை வைரமுனையால் உலோகத்தில் கீறும் இயந்திரம் ஒன்றைச் செய்திருந்தார். செம்பும் மிகுதியான வெள்ளீயமும் கலந்த கண்ணாடி வெண்கலம் அந்த உலோகம். நம் ஆறன்முளைக் கண்ணாடிக்கு நெருங்கிய உறவு. இத்தகைய கோட்டுத் தகட்டில் உட் வெள்ளொளியைப் பிரித்தபோது, சில இடங்களில் ஒளி திடுமென இருண்டுபோவதைக் கண்டு, காரணம் புரியாமலே எழுதிவைத்தார். 1941இல் இத்தாலியரான பானோ, பரப்பில் ஓடும் அலையே காரணம் என்று விளக்கினார். 1957இல் ரிச்சி என்ற அமெரிக்கர் எலெக்ட்ரான்களின் பரப்பலையைக் கணக்கிட்டுக் காட்டினார். உட் கண்டது பிழை அன்று என்று உலகம் அறிய முப்பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. நான் அதில் பாதிக் காலத்துக்குள் அறிந்துகொண்டேன் என்று பெருமைப்பட்டுக்கொள்ள வழியில்லை.

இதனால் ஆகும் பயன் என்ன என்று கேட்டேன். தொழிற்பேட்டைக்காரன் வேறென்ன கேட்பான்? நாம் ஊருக்குப் பேசும் பேச்சும், பேரப்பிள்ளைகளின் முகம் தெரியும் படமும் இன்று பெரும்பாலும் கண்ணாடி இழைகளின் வழியே ஒளியாகத்தான் செல்கின்றன. அந்த ஒளியின் அலைநீளம் சுமார் 1550 நானோமீட்டர். ஆனால் செய்தியை உண்டாக்கும் கணிப்பொறிச் சில்லுகளின் உறுப்புகள் சில பத்து நானோமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிட்டன. கண்ணாடியிலோ சிலிக்கனிலோ ஒளியை அதன் அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதிக்குக் கீழே ஒடுக்க இயலாது. யானையை ஊசித் துளையில் நுழைக்கும் கதை. உலோகப் பரப்பைப் பற்றி ஓடும் அலைக்கு இந்தத் தடை இல்லை. எலெக்ட்ரான்களோடு பிணைந்ததால் அதனை நூறு நானோமீட்டருக்கும் குறைவான இடுக்கில் நெருக்கி நுழைத்துவிடலாம்.

2015ஆம் ஆண்டு சூரிச் நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் இதனைச் செய்து காட்டினர். மின்குறியை ஒளியில் ஏற்றுவதற்கு முன்பு பயன்பட்ட லித்தியம் நியோபேட் கருவிகள் சில சென்டிமீட்டர் நீளம் உடையவை. இவர்கள் பொன்னின் நடுவே மிகக் குறுகிய இடுக்குகளை அமைத்து, மின்னழுத்தத்துக்கு ஏற்ப ஒளியின் வேகத்தை மாற்றும் ஒரு பொருளை அதில் நிரப்பினர். இடுக்கு குறுகியதாகையால் சிறிய மின்னழுத்தமே பலமான விளைவைத் தந்தது. கருவியின் நீளம் 10 மைக்ரான். நான் அந்த வட்டுகளின்மேல் ஏற்றிய வெள்ளியின் கனம் எட்டு மைக்ரான் என்று சொன்னேனல்லவா, கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

நம் நாட்டிலும் இவ்வழியில் வேலை நடந்திருக்கிறது. மும்பையிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் வேணுகோபால் அச்சந்தா முதலியோர் ஜெர்மானிய, ரஷிய விஞ்ஞானிகளோடு சேர்ந்து, காந்த இயல்புடைய கார்னெட் படலத்தின்மேல் வரிவரியாகப் பொன் இட்டு, காந்தத்தால் ஒளியின் அளவைக் கூட்டிக் குறைக்க முடிவதை 2011ஆம் ஆண்டு வெளியிட்டனர். நம் பாஷாணிலேயே 2006ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில், ஜி. வி. பவன் குமார் அவர்களின் குழுவினர் மயிரிழையைவிடப் பன்மடங்கு மெல்லிய வெள்ளிக் கம்பிகளில் ஒளியை ஒரு முனையில் செலுத்தி மறு முனையில் வாங்கும் ஆராய்ச்சி செய்துவருகின்றனர். போசரியிலிருந்து இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம்.

இனி வெள்ளிக் கம்பி வந்து கண்ணாடி இழையை ஒழித்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நல்ல கண்ணாடி இழையில் ஒளி பாதியாகக் குறைவதற்குப் பதினைந்து கிலோமீட்டர் போக வேண்டும். உலோகப் பரப்பில் ஓடும் அலையோ ஒரு மில்லிமீட்டர் போவதற்குள் பெரும்பாலும் வெப்பமாகி ஒழிந்துவிடும். இடுக்கில் நெருக்கினால் இன்னும் விரைவில் ஒழியும். நீண்ட பிரயாணம் கண்ணாடியில்தான். ஏறும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் மட்டுமே உலோகத்துக்கு வேலை.

பேச்சு உலோகத்துக்கு வந்ததும் எனக்கும் சொல்ல ஒன்று கிடைத்தது. இந்த வேலைக்கு உலோகங்களில் வெள்ளியே சிறந்தது, ஏனெனில் இழப்புக் குறைவு. ஆனாலும் நிலைத்திருக்க வேண்டிய இடங்களில் பொன்னை நாடுகிறோம் என்று மாணவர் குறைபட்டார். கந்தகம்தானே காரணம் என்றேன். ஆம் என்று வியந்தார். எங்கள் பட்டறையில் முப்பது ஆண்டாக நடக்கும் சண்டை அது. வேறொன்றும் தெரிந்துகொண்டேன். வரிகள் வேண்டுமே தவிர, வரிகளுக்கு இடைப்பட்ட பரப்பு என் மெருகுச் சக்கரம் கனவிலும் காணாத வழவழப்போடு இருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் அலை சிதறிவிடும். 2009இல் மினசோட்டாவில் பிரசாந்த் நாக்பால் முதலியோர் இதற்கு ஒரு வழி கண்டனர். சிலிக்கனில் வரிகளை வெட்டி, அதன்மேல் வெள்ளியைப் படியவைத்து, பசை கொண்டு உரித்தெடுத்தால், சிலிக்கனின் வழவழப்பை வெள்ளி அப்படியே வாங்கிக்கொள்கிறது. பழைய இசைத்தட்டுக்கு அச்சு எடுத்த முறையும் ஏறக்குறைய இதுவே. கேட்டதும் மாணவரின் தோளைத் தட்டி, இது எங்கள் வேலை தம்பி என்றேன்.

வீடு திரும்பியபின் உறக்கம் வரவில்லை. இந்திராயணி நகரில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஓர் அன்பர் அந்தத் தென்காசிப் பிள்ளையின் ஊர்க்காரர். அவரிடம் கேட்டு எண்ணைப் பெற்றேன். இப்போது அவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மேற்பார்வை பார்க்கிறார். என் குரலை உடனே அடையாளம் கண்டுகொண்டார். "நன்றாக இருக்கிறீர்களா, அண்ணாச்சி?" என்று அவர் கேட்டதற்குப் பதில் சொல்ல எனக்குச் சிறிது நேரம் ஆயிற்று.

வட்டில் இருந்தது கறை இல்லை, உளிக்கோடு, உன்மேல் பிழை இல்லை என்று சொன்னேன். மறுமுனையில் தையல் இயந்திரங்களின் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. "அன்றைக்கே சொன்னேனே, அண்ணாச்சி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு, "அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. நான் வேலையில் கவனமில்லாதவன் என்றுதான் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார்கள்" என்றார்.

பிடித்துவைத்த சம்பளத்தை இன்றைய மதிப்புக்கு அனுப்புகிறேன் என்றேன். அதெல்லாம் வேண்டாம் என்றார். அந்த வட்டு என்னவாயிற்று என்று கேட்டார். என் மேசைமேல் இருக்கிறது என்றேன். எதற்காக வைத்திருந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். நெடுநேரம் பேச்சில்லை. வைத்துவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். "அதை எனக்கு அனுப்பிவையுங்கள்" என்றார்.

மறுநாள் பட்டறையில் வேலை செய்யும் பிள்ளைகள் அனைவரையும் அழைத்து, ஜன்னல் அருகே நிறுத்தி, வட்டைச் சாய்த்துச் சாய்த்துக் காட்டினேன். அது யார் கழுவிய வட்டு என்பதையும் சொன்னேன். பின்பு கைரேகை படாமல் பஞ்சில் பொதிந்து, பெட்டியில் வைத்து, பணத்தையும் தனியே அனுப்பினேன். பணம் திரும்பி வந்துவிட்டது. வட்டு போய்ச் சேர்ந்ததாகக் கூரியர்க்காரரின் சீட்டு சொல்கிறது.